வால் எலும்பு முறிவு: இன்னும் வீரியமான மாத்திரை வேண்டுமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 46. 3 வாரம் முன்பு மழையில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி, அப்படியே உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எக்ஸ்ரேயில் வால் எலும்பு முறிவு. மெடிக்கலில் கேட்டு காம்பிஃப்ளாம் 3 வேளை, டோலோ 650 நான்கு வேளை, ராத்திரி ஒரு வோவரான் போடுகிறேன். பிபிக்கு டெல்மிசார்ட்டன் உண்டு. வலி விடவில்லை. இன்னும் வீரியமான மாத்திரை சொல்லுங்கள்.

பதில்: வீரியத்தை விடுங்கள், முதலில் வோவரானை நிறுத்துங்கள். காம்பிஃப்ளாமில் இருக்கும் ஐபுப்ரோஃபெனும் வோவரானும் ஒரே வகை மருந்துதான், இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும் வாய்ப்புதான் கூடும், அதுவும் டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகம். அப்புறம், காம்பிஃப்ளாம் ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. டோலோவும் பாராசிட்டமால்தான், அதோடு கூட்டினால் ஒரு நாளைக்கு 3,575 மில்லிகிராம். உச்ச வரம்பே 4,000தான்.

டோலோ 650 மட்டும் 6 மணி நேரத்துக்கு ஒன்றாகப் போடுங்கள், வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென் தேவையா என்பதை உங்கள் பிபி டாக்டர் சொல்லட்டும். டிரமடால் என்ற வீரியமான வலி மாத்திரையைக் கேட்டு வாங்காதீர்கள். அது மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் வால் எலும்பு உயிரை எடுக்கும். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் இசப்கோல் கலந்து குடிப்பது, உங்கள் வலிக்கு இன்னொரு மாத்திரையைவிட உதவும்.

இந்த எலும்புக்கு மாவுக்கட்டு கிடையாது, சேர 8 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை அதன் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வைத்தியம். நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தலையணை வேண்டாம், பின்பக்கம் வெட்டிய குஷன் வாங்கி, சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள். எழும்போதுதான் சுருக்கென்று குத்தும், அதனால் முன்னால் குனிந்து, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு எழுந்திருங்கள். லோக்கல் டிரெயினில் சீட் கிடைத்தாலும் நின்றே போங்கள் (இந்த ஊரில் யாரும் கேட்டிருக்க முடியாத அறிவுரை!).

12 வாரத்துக்குப் பிறகும் வலித்தால் எலும்பு டாக்டரிடம் வலிக்குப் போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலம் கறுப்பாகப் போனாலும் அப்படியே.