கனவு சைக்கிள் எது என்றால் பலரும் கியர் சைக்கிள் என்கிறார்களே, கியர் என்னதான் செய்கிறது?

பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பதை மாற்றுவதுதான் கியர். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத்தில் 22 பல் என்றால் சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். பாளையங்கோட்டைச் சமதரைக்கு அது சரி. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏற்றத்தில் முட்டி கழன்றுவிடும்! அங்கே பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றினால், பெடலின் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் குறையும், மிதி லேசாகும். நெல் மூட்டையை ஒரே தூக்காகத் தூக்காமல் கடகப்பெட்டியில் நாலைந்து நடையாகச் சுமப்பது மாதிரி. மொத்த வேலை குறையாது, ஒவ்வொரு நடையிலும் பாரம் குறையும். (ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்கு எதிர்காற்றும் ஓர் ஏற்றம்தான்.)

அப்புறம், 21 கியர் என்றால் 21 விதமான வேகம் என்று நினைக்க வேண்டாம். அது முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 என்று பெருக்கிய கணக்கு, அதில் பல ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.