அமெரிக்கா 1812-ல் ஏன் போருக்குப் போனது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், பிரிட்டன் அமெரிக்க விடுதலையை ஒப்புக்கொண்டது 1783-ல். முப்பது வருஷம்கூட ஆகாமல் மறுபடியும் ஏன் சண்டை?

பதில்: நெப்போலியனும் பிரிட்டனும் போட்ட சண்டையில் மாட்டிக்கொண்டதுதான் தொடக்கம். பிரிட்டனோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று 1806-ல் பெர்லினில் நெப்போலியன் ஆணை போட்டார். பிரெஞ்சுத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் முதலில் எங்களிடம் வந்து வரி கட்டட்டும் என்று அடுத்த வருஷம் பிரிட்டன் பதில் ஆணை போட்டது. அமெரிக்கக் கப்பல்கள் ஒருவருக்குப் பணிந்தால் மற்றவர் சரக்கைப் பிடுங்குவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போதாதற்கு ஆள்பிடிப்பு வேறு. ஓடிப்போன மாலுமிகளைத் தேடுகிறோம் என்று பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி ஆட்களை இழுத்துக்கொண்டு போனது. 1807 ஜூனில் வர்ஜீனியா கரைக்கு அப்பால் செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள், நான்கு பேரைப் பிடித்துப் போனார்கள்.

கேள்வி: அப்போதே போருக்குப் போயிருக்கலாமே?

பதில்: மக்கள் கொதித்தார்கள். ஆனால் அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சனிடம் பிரிட்டனை எதிர்க்கும் அளவுக்குக் கப்பல் ஏது? அதனால் சொந்தக் கப்பல்களையே வெளிநாடு போகவிடாமல் அந்த டிசம்பரில் தடை போட்டார். சரக்கு கிடைக்காமல் பிரிட்டன் வழிக்கு வரும் என்பது கணக்கு. தவித்தது அமெரிக்காதான். சுமார் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1808-ல் சுமார் 2.2 கோடியானது. கனடா எல்லையில் கடத்தல் ஜோராக நடந்தது. 1809 மார்ச்சில் தடையை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: எல்லைப்புறத்தில் பூர்வகுடிகளைப் பிரிட்டன்தான் தூண்டிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: கனடாவிலிருந்து ஆயுதம் வந்தது உண்மை. ஆனால் நிலத்தைப் பறிகொடுத்தவனுக்குக் கோபப்பட பிரிட்டன் சொல்லித்தர வேண்டுமா? இண்டியானா ஆளுநர் ஹாரிசன் 1809-ல் சில குழுத் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி சுமார் 30 லட்சம் ஏக்கரை எடுத்துக்கொண்டார். நிலம் எல்லோருக்கும் பொது, ஒரு குழு மட்டும் விற்க முடியாது என்றார் ஷானி என்ற பூர்வகுடியின் தலைவர் டெகும்சே. அவர் ஆதரவு திரட்டத் தெற்கே போயிருந்த சமயத்தில், 1811 நவம்பர் 7-ல் இண்டியானாவின் டிப்பகனூவில் அவருடைய ஆட்களுக்கும் ஹாரிசன் படைக்கும் மோதல். அது முடிந்ததும் ஹாரிசன் படை அவர்களுடைய ஊரையே கொளுத்தியது.

கேள்வி: நஷ்டப்பட்ட கப்பல் முதலாளிகள்தானே போர் கேட்டிருப்பார்கள்?

பதில்: அதுதான் இல்லை! நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களின் வணிகர்களில் பெரும்பாலோர் போரை எதிர்த்தார்கள். நிறுத்திய கப்பலை விடுவிக்கலாம், போர் வந்தால் மொத்தமும் போச்சு என்ற பயம். முன்னால் நின்றவர்கள் கென்டக்கியின் ஹென்றி கிளே, தென் கரோலினாவின் கால்ஹூன் போன்ற இளம் காங்கிரஸ் உறுப்பினர்கள். கனடாவைப் பிடித்தால் பூர்வகுடிகளுக்கு ஆயுதம் வருவதும் நிற்கும் என்ற நினைப்பு எல்லைப்புறத்தில் பலமாக இருந்தது. போர் வேண்டும் என்று கீழவையில் 79 பேர், வேண்டாம் என்று 49 பேர்; மேலவையான செனட்டில் 19-13. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்ட் கட்சியில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை.

கேள்வி: கப்பல்களைத் தடுத்த 1807 ஆணையைப் பிரிட்டன் ரத்து செய்துவிட்டதாமே?

பதில்: ஆமாம், ஜூன் 23-ல். போர் அறிவித்தது ஜூன் 18. செய்தி கடல் தாண்டி வர வாரக்கணக்கானது. வந்த பிறகும் ஆள்பிடிப்பு நிற்கவில்லையே என்று ஜெஃபர்சனுக்கு அடுத்து ஜனாதிபதியான மேடிசன் போரைத் தொடர்ந்தார். 1814 டிசம்பரில் இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் போட்ட சமாதான உடன்படிக்கையிலோ ஆள்பிடிப்பு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பூர்வகுடிகளுக்கு 1811-ல் இருந்த உரிமைகளைத் திருப்பித் தர ஒரு பிரிவு இருந்தது. டெகும்சே அதற்கு முந்தைய ஆண்டே போரில் இறந்துவிட்டார். அந்தப் பிரிவை அமெரிக்கா நிறைவேற்றவே இல்லை.