கிளி ஏன் பேசமாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீலநிற ஆண் பட்ஜி (கூண்டில் வளர்க்கும் சின்ன ஆஸ்திரேலியக் கிளி) வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. தினமும் மொபைலில் ரெக்கார்டு போட்டு 'ஏலே வாலே' சொல்லிக்கொடுக்கிறேன், வாயே திறக்கவில்லை. கையைக் கூண்டுக்குள் விட்டால் கொத்துகிறது. – பாளையங்கோட்டை வாசகர்

பதில்: முதலில் மொபைலை அணைத்து வையுங்கள். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் வளர்த்த சாம்பல் கிளி அலெக்ஸ் வார்த்தை பழகியது, எதிரே இரண்டு பேர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல, அதைப் பார்த்துத்தான். கிளிக்குப் பேச ஆள் வேண்டும், அந்த ஆளைக் கண்டு பயம் இருக்கக் கூடாது.

அதனால் கொத்துவதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். நீங்கள் கையை நீட்டும்போது இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றால் பயந்திருக்கிறது, கையை அங்கேயே நிறுத்துங்கள். உடம்பை உப்பவிட்டு அலகை நறநறவென்று அரைத்தால் நிம்மதியாக இருக்கிறது. முதலில் கம்பி வழியாகத் தினைக்கதிர் கொடுங்கள், அப்புறம் உள்ளங்கையில், அதற்கப்புறம் விரலை அடிவயிற்றுக்கு நேரே மெல்ல வைத்தால் தானே ஏறும். அமுக்கிப் பிடிக்கவே கூடாது. கொத்தினால் கத்திக்கொண்டு கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், கொத்தினால் கை ஓடும் என்று படித்துக்கொள்ளும், அதில் அதுகள் ரொம்பக் கெட்டி.

விரலில் ஏறிய பிறகு காலையும் மாலையும் கொஞ்ச நேரம், முகத்துக்கு நேரே ஒரே சொல்லை உற்சாகமாகச் சொல்லுங்கள். 'ஏலே வாலே' நல்ல தேர்வுதான், நம்மூரில் அதை யாரும் சுரத்தில்லாமல் சொல்வதில்லை. பட்ஜி வேகமாக முணுமுணுக்கும், காதைக் கொடுத்துக் கேட்டால்தான் பேச்சு என்று தெரியும். பக் என்ற பட்ஜி 1,728 சொல் பேசி கின்னஸில் ஏறியது; ஆயுசுக்கும் ஒரு சொல் பேசாததும் உண்டு. கூண்டில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள், அதோடுதான் பேசிக்கொண்டிருக்கும். காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு ராத்திரி திரும்புகிறவர் என்றால் ஜோடி சேர்த்துவிடுங்கள், பேச்சு குறைந்தாலும் பரவாயில்லை.

அடுப்படிப் பக்கம் கூண்டு வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் பறவை செத்துவிடும்.

கேள்வி: பட்டுப்போன பனையின் பொந்தில் எடுத்த பச்சைக்கிளிக் குஞ்சு தருவதாக ஒருவர் சொல்கிறார். அது நன்றாகப் பேசுமாமே? – அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: பேசும், ஆனால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். பாவம் பார்த்து நீங்களே பறக்கவிட்டால் இரை தேடத் தெரியாமல் காக்கைக்கோ பூனைக்கோதான் போகும்.