டாக்டர் பதில்கள்: ரிசல்ட் வரும்வரை எப்படி இருப்பது?

கேள்வி: எனக்கு வயது 36. சில மாதங்களாக இரண்டு பாதங்களிலும் விரல் நுனிகளிலும் மதமதப்பு, சில சமயம் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது. கெண்டைக்கால் சதை தானாகத் துடிக்கிறது. எங்கள் குடும்ப டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, தைராய்டு நார்மல் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நரம்பு டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனில் தேடுகிறேன், பயங்கரமான நோய்களாகவே வருகின்றன. வீட்டில் "எல்லாம் உன் நினைப்புதான்" என்கிறார்கள், மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டுவிட்டார். எனக்கு இருப்பது நோயா, மனபிரமையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மதமதப்பு நிஜம். அதைப் பார்த்து வந்த பயமும் நிஜம். இரண்டுக்கும் தனித்தனியாக வைத்தியம் உண்டு, ஒன்று முடியட்டும் என்று மற்றதைக் காக்க வைக்க வேண்டியதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் டிஎஸ்எம்-5 என்ற கையேட்டை வெளியிட்டபோதே, பரிசோதனையில் காரணம் அகப்படவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய் முத்திரை குத்தக் கூடாது என்று மாற்றி எழுதிவிட்டார்கள். அதனால் "நினைப்புதான்" என்ற தீர்ப்பை வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும்.

சரி, உடம்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, பி12 வைட்டமின் அளவு பார்த்ததாக நீங்கள் எழுதவே இல்லை. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி மதமதப்பு என்றால் சர்க்கரைக்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்வி அதுதான், அதுவும் நீங்கள் சைவமாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். பி12 குறைந்தால் நாக்கு எரிச்சல், மறதி, அசதி இவையும் கூடவே வரலாம். குடும்ப டாக்டரிடமே கேட்டு எடுத்துவிடலாம், அதற்கு நரம்பு டாக்டர் தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: சத்து மாத்திரையில் பி12 இருந்து அதை நீங்கள் சாப்பிட ஆரம்பித்திருந்தால், ரத்தத்தில் அளவு ஏறி ரிசல்ட் நல்லபடியாகக் காட்டும், உண்மையான குறைபாடு மறைந்துபோகும். எனவே மாத்திரை அட்டையை எடுத்துப்போய்க் காட்டி, எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள் என்றும் சொல்லுங்கள். அப்புறம், சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று இரண்டு மூன்று வகையைச் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பி6 வைட்டமின் அதிக அளவில் மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மதமதப்பை உண்டாக்கும். முடி கொட்டுவதற்காக பயோட்டின் சாப்பிட்டால் தைராய்டு ரிசல்ட்கூட தப்பாக வரலாம்.

சதை துடிப்பைப் பற்றி. போனில் அதைத் தேடினால் தசையை இயக்கும் நரம்புகள் அழிகிற ஏ.எல்.எஸ் என்ற நோய்தான் முன்னால் வந்து நிற்கும், அதைத்தான் நீங்களும் பார்த்துப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நோயில் முக்கியமாகக் குறைவது பலம். சட்டை பட்டன் போட முடியாது, படி ஏறும்போது கால் இடறும், சதை இளைக்கும். உணர்ச்சி பெரும்பாலும் பாதிக்கப்படாது. உங்களுக்கு இருப்பதோ உணர்ச்சியில் மாற்றம். தூக்கம் கெட்டால், காபி கூடினால், நிறைய நடந்தால், கவலைப்பட்டால், ஆரோக்கியமான கெண்டைக்காலும் துடிக்கும். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் துடிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நள்ளிரவில் தேடும்போது உங்கள் மூச்சைக் கவனித்திருக்கிறீர்களா? பயத்தில் மூச்சு வேகமாகிறது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பு வருகிறது. உடனே "பார், அதிகமாகிவிட்டது" என்று இன்னும் தேடுகிறோம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். தேடாமல் இருக்கவே முடியாது என்றால் பகலில் ஒரு குறிப்பிட்ட நேரம் ஒதுக்கித் தேடுங்கள். கணவரிடம் "எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பதும் தேடுவது போலத்தான், அவர் "இல்லை" என்றதும் வருகிற நிம்மதி கொஞ்ச நேரம் கூட நிற்காது. குதிகாலில் நிற்க முடிகிறதா, ஊசி குத்தினால் தெரிகிறதா என்று நீங்களே சோதித்துக்கொண்டிருந்தால் அதையும் விடுங்கள்.

அதற்குப் பதில் ஒரு நோட்டில் நாளைக்கு ஒரு தடவை மட்டும் எழுதுங்கள். எங்கே மதமதப்பு, எப்போது கூடுதல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா, வலியா வெறும் மரமரப்பா, நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போனதுண்டா. நரம்பு டாக்டருக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இந்த ஒரு பக்கம் பத்து ரிப்போர்ட்டுக்குச் சமம்.

ரிப்போர்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனையில் நார்மல் அளவு என்று போடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்குகிற எல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 சோதனைகளை எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டிக் காட்ட 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆகவே ஆஃபரில் வருகிற "ஃபுல் பாடி செக்கப்" இப்போது உங்களுக்கு வேண்டாம், புதுக் கவலையைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும். இன்னொன்று, நரம்பு கடத்தும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை தடித்த நரம்புகளைத்தான் காட்டும், மெல்லிய நரம்புகளில் உள்ள கோளாறு அதில் தெரியாது. அது நார்மல் என்று வந்தால் "சரி, அடுத்து என்ன பார்க்க வேண்டும், எப்போது திரும்ப வரட்டும்?" என்று கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.

காத்திருக்கக் கூடாத சமயங்கள் உண்டு. திடீரென வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலே ஏறினாலும், மூச்சு முட்டினாலும், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலும், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பயத்தால் தூக்கமும் வேலையும் கெடுகின்றன என்றால் இப்போதே மனநல மருத்துவரைப் பாருங்கள். நோயைப் பற்றிய பதற்றத்துக்கு சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. உடனே பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

கேள்வி: என் கணவர் நெஞ்சு படபடப்புக்காக இதய டாக்டரிடம் தேதி வாங்கியிருக்கிறார். அதுவரை வீட்டு மிஷினில் ஓயாமல் பிபி பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு காட்டுகிறது. நான் என்ன சொல்லிப் புரியவைப்பது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேறு வேறாகத்தான் காட்டும். பேசிக்கொண்டே பார்த்தாலும், கால் மேல் கால் போட்டிருந்தாலும், சட்டைக் கைக்கு மேல் பட்டையைக் கட்டினாலும், பயத்தோடு பார்த்தாலும் ஏறும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போதும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் மிஷின் உங்களிடம் இருக்கட்டும். "ஒன்றும் இல்லை, சும்மா இருங்க" என்று சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொன்னால் போதும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் சாயங்காலம் வரை வேண்டாம், மிஷினைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.