தொழில்முறைக் கால்பந்தில் ஒரு விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்கும் வீரர், எத்தனை வருடம் தாக்குப்பிடிக்க முடியும்? வேகம் குறைந்த பிறகு என்ன செய்வார்?

பொதுவாக 17, 18 வயதில் தொடங்கி 33, 34 வரை ஓடும். அதிலும் 22-லிருந்து 28 வரைதான் உச்சம். கோல்கீப்பரும் சென்டர்பேக்கும் (நடுவில் நின்று தடுப்பவர்) 35 தாண்டியும் முதல் பதினொருவரில் இருப்பார்கள். விங்கருக்கு 30 ஆனதுமே கால் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் ரயன் கிக்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1991-ல் முதல் ஆட்டம் ஆடி, 2014-ல் 40 வயதில்தான் நிறுத்தினார். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி வலது விங்கில் ஓடிய ஹெசூஸ் நவாஸ், 2024 யூரோ கோப்பையில் 38 வயதில் வலது ஃபுல்பேக்காக, அதாவது ஓரத்தைக் காக்கும் டிஃபெண்டராக, ஸ்பெயினுக்கு ஆடினார். இருவரும் கால் தளர்வதற்குள் மைதானத்தில் வேறொரு வேலையைக் கற்று வைத்திருந்தார்கள். விங்கரின் ஆயுள் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதல் சறுக்கல் பதின்ம வயதிலேயே வந்துவிடும். 14 வயதில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வளர்ந்த பையன், பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடியே எல்லோரையும் தாண்டிவிடுவான். அகாடமியில் அவன்தான் நட்சத்திரம். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்து நின்றதும் அந்தத் தந்திரம் பலிக்காது, கையில் வேறு எதுவும் இருக்காது. அதனால் சின்ன வயதில் வேகமாக இருப்பவனைத்தான் குறுகிய இடத்தில், இரண்டே தொடுதலில் ஆடப் பழக்க வேண்டும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெனால்ட்டி ஏரியாவின் அகலம் 40.32 மீட்டர். கழித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் தலா 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். விங்கரின் பிழைப்பு முழுக்க அந்தப் பட்டையில்தான். டச்லைனுக்கு, அதாவது மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு, முதுகு காட்டி, இடுப்பைத் திறந்து நின்றால் பாஸ் கொடுப்பவர், எதிரில் வரும் ஃபுல்பேக், கோல் மூன்றும் ஒரே பார்வைக்குள் வரும். பந்து வரும்போது அருகிலுள்ள காலால் நிறுத்தாமல், அது உடம்பைத் தாண்டி வரவிட்டுத் தள்ளியிருக்கும் காலால் வாங்க வேண்டும். அப்போது முதல் தொடுதலே முன்னோக்கிப் போகும். அருகுக் காலால் வாங்கினால் முகம் சொந்த கோலைப் பார்த்துத் திரும்பிவிடும். ஃபுல்பேக் முதுகில் வந்து ஒட்டிக்கொள்வார், பந்தைப் பின்னால் தருவதைத் தவிர வழியிருக்காது.

ஆளைத் தாண்டுவதில் பலரும் காலின் வித்தையைப் பார்க்கிறார்கள். வித்தையைவிட வேக மாற்றம்தான் முக்கியம். நேராக ஃபுல்பேக்கை நோக்கிப் போய், இரண்டு மீட்டர் இருக்கும்போது சட்டென்று வேகத்தைக் குறைக்க வேண்டும். அவரும் நிற்பார், இரண்டு பாதங்களும் ஒரே கோட்டுக்கு வரும். அந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும், ஏனென்றால் அவர் திரும்ப ஒரு அடி கூடுதலாக எடுத்து வைத்தாக வேண்டும். தாண்டியதும் நேர்கோட்டில் ஓடாமல் அவர் ஓடும் பாதைக்குக் குறுக்கே உடம்பை நுழைத்துவிட்டால், இடிக்காமல் அவரால் பந்தை எட்ட முடியாது. இளம் விங்கர்கள் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவார்கள். அதனால்தான் ஒரே ஆளை இரண்டு முறை தாண்ட வேண்டிவருகிறது.

அடுத்தது கடைசிப் பந்து. சம்பளம் இதற்குத்தான் என்றே சொல்லலாம். கோல்லைன் வரை போய்ப் பின்னால் இழுத்துத் தரும் கட்பேக் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது: பந்துக்குப் பின்னால் இருப்பவர் ஆஃப்சைடு (எதிரணி ஆட்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கும் தவறு) ஆக முடியாது. அதோடு டிஃபெண்டர்கள் சொந்த கோலை நோக்கி ஓடிக்கொண்டிருப்பதால் பெனால்ட்டி புள்ளி அருகே நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. கிராஸ், அதாவது ஓரத்திலிருந்து பெனால்ட்டி ஏரியாவுக்குள் அடிக்கும் பந்து, முதல் டிஃபெண்டர் மேலேயே பட்டுத் திரும்புவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பெரும்பாலும் தலையைத் தாமதமாகத் தூக்குவதால் வருவது இது. உள்ளே யார் எங்கே என்பதைக் கடைசித் தொடுதலுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். அடிக்கும்போது பார்த்தால் ஊன்றுகால் பந்துக்கு மிக அருகில் விழும், வீச்சு சுருங்கிவிடும்.

இடதுகால்காரரை வலது விங்கில் ஆடவைப்பது இப்போது சாதாரணம். உள்ளே வெட்டி வந்து கோலின் தூரக் கம்பத்தைக் குறிவைக்கலாம். ஆர்யன் ரோபன் பயர்ன் மியூனிக்கில் 2009-லிருந்து 2019 வரை இதையே செய்தார். என்ன செய்யப்போகிறார் என்று எல்லா டிஃபெண்டருக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியவில்லை. வெட்டும் நேரத்தை அவர் மாற்றிக்கொண்டே இருந்தார், வெளிப்பக்கம் பிலிப் லாம் ஏறி ஓடிவந்து ஒரு ஆளை இழுத்துக்கொண்டார். அப்படி ஒரு ஃபுல்பேக் பின்னால் இல்லாவிட்டால் உள்ளே வெட்டும் விங்கர் இரண்டு பேருக்கு நடுவே மாட்டிக்கொள்வார்.

காயம் என்றால் விங்கருக்கு முதலில் ஹாம்ஸ்ட்ரிங்தான், அதாவது தொடையின் பின்பக்கத் தசை. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் நீண்டு தரையைத் தொடப்போகும் நொடியில், அந்தத் தசை நீண்டுகொண்டே இழுபடுகிறது. கிழிவது பெரும்பாலும் அப்போதுதான். நார்டிக் என்ற பயிற்சி இதற்கென்றே இருக்கிறது. முழங்காலிட்டு நில்லுங்கள், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும், இடுப்பை மடக்காமல் உடம்பை முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய விடுங்கள். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் 2 சுற்று போதும். பிறகு படிப்படியாகக் கூட்டி, சீசன் நடுவில் வாரம் ஒருநாள் விடாமல் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பை மடக்கிச் செய்தால் பலனில்லை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம், தசைவலியோடு இறங்க நேரிடும்.

இதைவிடப் பெரிய தப்பு, வலி போனதுமே திரும்பி வருவது. மெதுவோட்டத்தில் வலிக்கவில்லை என்றால் தசை ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு அதிகம். பயிற்சியில் பல முறை உச்ச வேகத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே ஆட்டத்தில் இறங்க வேண்டும். காயமில்லாத வாரத்திலும் ஒருமுறையாவது உச்ச வேகத்தின் 90 சதவீதத்துக்கு மேல் ஓடியிருப்பது நல்லது, ஓடாத கால்தான் ஆட்டத்தன்று அதிர்ச்சியடையும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழே அதிகபட்சம் 3 வருடம், அதற்கு மேல் பொதுவாக 5 வருடம். முடிய 6 மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்திடலாம். கோலுக்கும் அசிஸ்டுக்கும் (கோலுக்கு வழிவகுக்கும் பாஸ்) போனஸ் எழுதும் இடத்தில், ஆடும் ஆட்டங்களுக்கும் போனஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கோச் ஃபுல்பேக்காக மாற்றிவிட்டால் கோல் போனஸ் வெறும் காகிதம்.

இடம் மாறுவதற்கு மூன்று வழி. கிறிஸ்டியானோ ரொனால்டோ போல ஸ்ட்ரைக்கராக உள்ளே போகலாம், அதற்குத் தலையால் முட்டவும் பெனால்ட்டி ஏரியாவுக்குள் இடம் பிடிக்கவும் தெரிய வேண்டும். கிக்ஸ் போல நடுக்களத்துக்கு வரலாம், 360 டிகிரியும் பார்த்துப் பாஸ் கொடுக்கும் கண் வேண்டும். நவாஸும் அன்டோனியோ வலென்சியாவும் போன வழி மூன்றாவது, ஃபுல்பேக். இதுதான் அதிகம் பேருக்குக் கைகூடுகிறது, ஏனென்றால் பழைய பட்டையிலேயே ஓட்டம், கிராஸும் அதே கிராஸ். 27, 28 வயதிலேயே பயிற்சி ஆட்டங்களில் அந்த இடத்தைக் கேட்டு வாங்கி ஆடத் தொடங்க வேண்டும். 31-ல் அவசரத்துக்கு மாறினால் ஒரே இடத்தில் அடி விழும்: எதிர்ப்பக்கத்திலிருந்து கிராஸ் வரும்போது முன்னாள் விங்கர் பந்தையே பார்த்து நிற்பார், தூரக் கம்பத்தில் முதுகுக்குப் பின்னால் ஓடிவரும் எதிரணி விங்கரைத் தவறவிடுவார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையால் ஆளைத் தொட்டுக்கொண்டே பந்தைப் பார்க்கும் பழக்கம் வர ஒரு முழு சீசனாவது பிடிக்கும்.