பின்வரிசையில் பேச்சு ஏன் இரட்டையாகக் கேட்கிறது?

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடையின் இருபுறமும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் வைக்கிறோம். 36 மீட்டர் தள்ளி மைதானத்தில் இன்னும் இரண்டு பாக்ஸ். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச்சு இரட்டையாகக் கேட்கிறது. வால்யூமைக் குறைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பின் பாக்ஸ் இரண்டையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இரட்டையாகக் கேட்டால் எதிரே உள்ள கட்டடச் சுவரில் ஒலி மோதித் திரும்புகிறது; அதற்கு மேடை பாக்ஸைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். அணைத்ததும் சரியாகிவிட்டால், கோளாறு ஒலி வந்துசேரும் நேரத்தில்தான்.

ஒயரில் போகும் சிக்னல் பின் பாக்ஸை உடனே எட்டிவிடும். மேடை பாக்ஸின் ஒலியோ காற்றை நெருக்கி, தளர்த்தி, அந்த நெருக்கத்தை அடுத்தடுத்த காற்றுக்குக் கைமாற்றித்தான் வர வேண்டும். 28 டிகிரி வெப்பத்தில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 348 மீட்டர். 36 மீட்டருக்கு 103 மில்லிசெகண்ட் ஆகும். ‘வணக்கம்’ என்றால், மேடையிலிருந்து ‘வ’ வரும் நேரத்தில் பக்கத்து பாக்ஸ் ‘ண’வுக்குப் போயிருக்கும். வால்யூமைக் குறைத்தால் ஒலி வேகமாக வராது, அதனால்தான் பலனில்லை.

எனவே பின் பாக்ஸைக் காக்க வைக்க வேண்டும். டிஜிட்டல் மிக்ஸரில் அதற்குத் தனி ஆக்ஸ் அவுட் (மெயினிலிருந்து பிரிந்த தனி வெளியீடு) கொடுத்து, அந்த அவுட்டில் மட்டும் டிலே, அதாவது ஒலியைத் தாமதிக்கும் வசதியைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான மாஸ்டரில் போட்டால் எல்லா பாக்ஸும் சேர்ந்து தாமதமாகும், இடைவெளி அப்படியே இருக்கும். எஃபெக்ட்டில் வரும் ‘எக்கோ டிலே’ இதற்கு உதவாது. அது மூல ஒலியையும் சேர்த்தே அனுப்பும். சாதாரண மிக்ஸர் என்றால் டிலே உள்ள ஸ்பீக்கர் பிராசஸர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

டேப் வைத்து மேடை பாக்ஸிலிருந்து பின் பாக்ஸ் வரை அளந்துகொள்ளுங்கள், மைக்கிலிருந்து அல்ல. மீட்டருக்கு 2.87 மில்லிசெகண்ட். வரும் விடையோடு 12 கூட்டி 115 வையுங்கள். அந்த 12 எதற்கு? ஒரே பேச்சு ஏறத்தாழ 30 மில்லிசெகண்டுக்குள் இருமுறை வந்தால் காது அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்; முதலில் வந்த திசையிலிருந்தே பேசுவதாகவும் நினைக்கும். ஜெர்மன் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து சொன்னது இது. மேடை ஒலி ஒரு மயிரிழை முந்தினால், பேசுகிறவர் மேடையிலேயே நிற்பதாகத் தோன்றும்.

சரிபார்க்க, போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் ஆப்) ஓட்டி மிக்ஸருக்குக் கொடுத்து, பின் பாக்ஸுக்கு 5 மீட்டர் பின்னால் நில்லுங்கள். ‘டடக்’ என்றால் இன்னும் சேரவில்லை, ‘டக்’ என்றால் சரி.

மதிய ஒத்திகையில் 36 டிகிரி, இரவில் 26 டிகிரி என்றாலும் வித்தியாசம் 2 மில்லிசெகண்டுக்குள்தான், மாற்ற வேண்டாம். ஆனால் பின் பாக்ஸின் முதுகுப் பக்கம், அதாவது மேடைக்கும் அதற்கும் இடையிலுள்ள வரிசைகளில் கவனம் தேவை. பின் பாக்ஸுக்கு 12 மீட்டர் முன்னால் இருப்பவருக்கு அதன் கசிவு, மேடை ஒலியைவிட 80 மில்லிசெகண்ட் பிந்தி வரும். முதுகு வழியே அதிகம் கசிவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான். பின் பாக்ஸில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பின் பாக்ஸை ப்ளூடூத்தில் இணைக்கவே வேண்டாம், அது தன் பங்குக்கு எவ்வளவு தாமதிக்கும் என்று கணக்கே கிடையாது.