ராணுவம் கூட்டும் மாநாட்டுக்குப் போகலாமா? பட்டிமன்ற நடுவருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு ஊர் கண்டனூர், கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அடுத்த மாதம் காரைக்குடியில் மாணவர் பட்டிமன்றம். 'ராணுவ ஆட்சி கூட்டும் அரசமைப்பு மாநாட்டில் எதிர்க்கட்சி கலந்துகொள்வது சரியா, தவறா?' என்பது தலைப்பு. பிள்ளைகள் பர்மாவை (இன்றைய மியான்மரை) வைத்துத்தான் பேசப்போகிறார்கள். என்னை நடுவராகப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு என்பதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது?

பதில்: அம்மா, மேடை ஏறியதும் இரண்டு அணியிடமும் ஒன்று கேளுங்கள்: "எந்த வருஷத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" பர்மாவின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஆங் சான் சூ கியின் கட்சியான தேசிய ஜனநாயக லீக் இந்தக் கேள்வியை ஒரு தடவை அல்ல, பல தடவை எதிர்கொண்டது. ஒரு தடவை போனது, நடுவில் வெளியே வந்தது, அடுத்த அழைப்புக்குப் போகவே இல்லை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பட்டிமன்றம் வெறும் சத்தமாகிவிடும்.

கதை 1990 மே தேர்தலில் தொடங்குகிறது. போட்டி நடந்த 485 இடங்களில் 392 லீக்குக்கு. ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. வென்றவர்களின் வேலை அரசமைப்புச் சட்டம் எழுதுவது மட்டுமே என்று ஜூலையில் அறிவித்தது. அதற்கான தேசிய மாநாடு 1993 ஜனவரியில் கூடியபோது சுமார் 700 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் சுமார் ஏழில் ஒரு பங்குதான். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆட்சி பொறுக்கி எடுத்தவர்கள். மாநாட்டின் ஆறு நோக்கங்களை ராணுவமே முன்கூட்டி எழுதி வைத்திருந்தது. நாட்டின் அரசியல் தலைமையில் ராணுவத்துக்குப் பங்கு உண்டு என்பது அவற்றில் ஒன்று. பேச வேண்டிய தாளை முதலில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். துண்டறிக்கை கொடுத்த லீக் பிரதிநிதி ஒருவருக்கு அந்த வருஷமே 20 ஆண்டுச் சிறை.

இதை நம் ஊர் வழக்கில் சொன்னால் மாணவர்களுக்குச் சட்டென்று விளங்கும். என் ஐயா ரங்கூனில் ஒரு பெட்டியடியில், அதாவது செட்டியார் வட்டிக்கடையில், மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாளாக இருந்தவர். பழைய மேலாள் ஊர் திரும்பும்போது, புதியவர் ஐந்தொகையை, அதாவது வரவுசெலவு இருப்புக் கணக்கை, வரிவரியாகப் பார்த்த பிறகுதான் பொறுப்பை ஏற்பாராம். கணக்கைத் திருத்தவும் கூடாது, கேள்வி கேட்கவும் கூடாது, கையெழுத்து மட்டும் போடு என்றால் எந்தச் செட்டியார் போடுவார்? அந்த மாநாடு கேட்டது அந்தக் கையெழுத்தைத்தான்.

அப்படியானால் 1993இல் போனதே தவறா? நான் தவறு என்று சொல்லமாட்டேன். தலைவர் சூ கி வீட்டுக்காவலில் இருந்தார், மாநாட்டின் உள்ளே என்ன நடக்கும் என்பது வெளியிலிருந்து தெரியாது. போய்ப் பார்த்ததால்தான் விதிகளின் லட்சணம் ஊருக்குத் தெரிந்தது. 1995 ஜூலையில் சூ கி விடுதலையானார். நடைமுறையை மாற்றுங்கள் என்று கட்சி கேட்டது. மறுக்கப்பட்டதும் நவம்பர் கடைசியில் வெளியேறியது. 1996 ஜூனில், மாநாட்டை விமர்சித்தாலே 20 ஆண்டு வரை சிறை என்று சட்டம் வந்தது. மாநாடும் அதற்குள் ஒத்திவைக்கப்பட்டு எட்டு வருஷம் கிடப்பில் கிடந்தது.

2004தான் பட்டிமன்றத்தின் உயிர்நாடி; நேரத்தை இங்கே செலவிடுங்கள். முந்தைய வருஷம் மே மாதம் தெபாயின் என்ற இடத்தில் சூ கியின் வண்டித்தொடர் தாக்கப்பட்டு, அவரும் துணைத்தலைவர் டின் ஊவும் மறுபடி காவலில் இருந்தார்கள். பிரதமர் கின் நியுந்த் ஏழு படிகள் கொண்ட திட்டத்தை அறிவித்து, முதல் படியாக மாநாட்டை மீண்டும் கூட்டினார். லீக் கதவைச் சாத்தவில்லை. தலைவர்களை விடுங்கள், கட்சி அலுவலகங்களைத் திறக்க விடுங்கள் என்று கேட்டது. நடக்கவில்லை. மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு, மே 14ஆம் தேதி, வரமாட்டோம் என்று அறிவித்தது.

'போ' அணிக்கு இங்கே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஒதுங்கி நின்றதால் எழுதப்பட்ட சட்டம் இவர்கள் தலையிலேயே விழுந்ததே? உண்மைதான். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டிருந்தபோதே வாக்கெடுப்பு நடத்தி, 92 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் ராணுவத்துக்கு; சட்டத்தைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். இந்தக் கணக்கில் ராணுவம் சம்மதிக்காமல் ஒரு முக்கிய வரியைக்கூட மாற்ற முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகள் இருந்தால் குடியரசுத் தலைவராக முடியாது என்ற பிரிவு சூ கியை அப்படியே தடுத்தது.

ஆனால் உள்ளே போயிருந்தால் இது மாறியிருக்குமா? உள்ளே போனவர்களைப் பாருங்கள். ராணுவத்தோடு போர்நிறுத்தம் செய்துகொண்ட ஆயுத இனக்குழுக்கள் பல 2004இல் போயின. மாநிலங்களுக்கு அதிகாரம் கேட்டு மனு கொடுத்தன. அவற்றில் ஒன்றான கச்சின் இனத்தவரின் அமைப்பு 2007இல் 19 அம்சக் கோரிக்கை வைத்தது. அடிப்படையில் எதுவும் அசையவில்லை. என் முடிவு இதிலிருந்துதான் வருகிறது: 2004இல் போகாதது சரி. ஆனால் இனக்குழுக்கள் உள்ளேயும் லீக் வெளியேயுமாகப் பிரிந்து நின்றது பெரும் இழப்பு. அந்தப் பிளவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

'போ' அணி கெட்டிக்காரர்கள் என்றால் சிலியைக் கொண்டுவருவார்கள். ராணுவ ஆட்சியாளர் பினோசே தன் விருப்பப்படி எழுதிய 1980ஆம் வருஷத்து அரசமைப்பின்கீழ், அவர் பதவியில் நீடிக்கலாமா என்று நடந்த 1988 வாக்கெடுப்பில், நீண்ட தயக்கத்துக்குப் பிறகு எதிர்க்கட்சிகள் கலந்துகொண்டு 'வேண்டாம்' என்று வென்றன. மதிப்பெண் கொடுங்கள், ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே மக்களின் ரகசிய ஓட்டு இருந்தது, எதிர்க்கட்சியே தனியாக எண்ணிச் சரிபார்க்க வழி இருந்தது. பர்மா மாநாட்டில் எண்ணுவதற்கே எதுவும் இல்லை.

'போகாதே' அணியை 2012இல் மடக்குங்கள். பர்மாவின் அதே 2008 சட்டத்தின்கீழ் இடைத்தேர்தலில் நின்று லீக் 43 இடம் வென்றது. அரசமைப்பைப் 'பாதுகாப்போம்' என்று உறுதிமொழி சொல்லமாட்டோம், 'மதிப்போம்' என்று மாற்றுங்கள் என்று சில நாள் இழுபறி நடந்தது. கடைசியில் உள்ளபடியே எடுத்துக்கொண்டார்கள். 2015இல் பெருவெற்றி. 2020இல் திருத்தம் கொண்டுவந்தார்கள், ராணுவத்தின் ஓட்டு தடுத்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியையே பறித்துக்கொண்டது.

தீர்ப்புக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான்: உள்ளே நாம் பேசுவதால் எழுத்து மாறுமா, மாறாவிட்டால் வெளியே வந்து ஊரறியச் சொல்ல முடியுமா? இரண்டில் ஒன்றாவது இருந்தால் போகலாம். 1993இல் இரண்டாவது கொஞ்சம் இருந்தது. 2004இல் இரண்டுமே இல்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு பேச்சாளரிடமும் மேடையிலேயே கேளுங்கள். பதில் வரும்வரை மணி அடிக்காதீர்கள்.